கைப்பக்குவம் போதாது: ஆய்வு முடிவைத் தொழில் நிறுவனமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வகத்தில் ஒரு முடிவு வந்துவிட்டது. வரைபடம் எதிர்பார்த்த பக்கம் வளைகிறது, மூன்று முறை செய்து பார்த்தும் அதேதான் வருகிறது. கட்டுரை எழுதத் தொடங்கியாயிற்று. அந்த வாரத்தில்தான் யாராவது ஒருவர் கேட்பார்: "இதை வைத்து ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாமே?"

ஆரம்பிக்கலாம். ஆனால் கட்டுரை கேட்கும் நிரூபணம் வேறு, கம்பெனி கேட்கும் நிரூபணம் வேறு. ஒன்று நடக்கக்கூடியது என்று காட்டினால் கட்டுரைக்குப் போதும். கம்பெனிக்கு அது போதாது. உங்களை முன்பின் தெரியாத ஒருவர், நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், தன் இடத்தில் செய்தாலும் அது நடக்க வேண்டும். அவர் அதற்குக் காசு கொடுக்கவும் முன்வர வேண்டும்.

லேபில் பாதி வேலை கைப்பக்குவத்தில் ஓடுகிறது. எந்தக் கரைசலை எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும், எந்தக் கருவியைச் சூடேறிய பிறகுதான் நம்பலாம், எந்தத் தரவைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பதெல்லாம் ஒரு ஆய்வு மாணவரின் விரல்நுனியில் இருக்கும், குறிப்பேட்டில் இருக்காது. அந்தப் பக்குவத்தைக் கையிலிருந்து பிரித்து, எழுத்தாகவும் பொருளாகவும் உரிமையாகவும் மாற்றுவதுதான் இந்தப் பயணம். கீழே உள்ள படிகளில் சிலவற்றை ஒரே சமயத்தில் செய்வீர்கள், சிலவற்றுக்குத் திரும்பி வருவீர்கள். முதல் படியை மட்டும் எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: வெளியே சொல்வதற்கு முன் பதிவு செய்யுங்கள்

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளில் கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். உலகில் யாரும் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கக்கூடாது, அந்த "யாரும்" என்பதில் நீங்களும் அடக்கம். இதுதான் பல ஆய்வாளர்களுக்குத் தெரியாமல் போகிறது. ஆய்விதழில் வந்த கட்டுரை, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் போட்ட பிரதி), மாநாட்டுச் சுருக்கம், சுவரொட்டி, நூலகத்தில் வைத்த ஆய்வேடு, இணையத்தில் திறந்து வைத்த நிரல் எல்லாமே வெளியீடுதான். அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்குப் பிறகு ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. நேற்று பேசிவிட்டு இன்று விண்ணப்பித்தால் உரிமை போயிற்று.

இரண்டு பழைய கதைகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் ஒற்றைவகை எதிர்ப்பான்களை (ஒரே இலக்கில் மட்டும் ஒட்டும் புரதங்களை) உருவாக்கும் முறையை வெளியிட்டார்கள். இருவருக்கும் 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது, அந்த முறையிலிருந்து ஒரு பெரிய மருந்துத் துறையே பிறந்தது. ஆனால் அந்த அடிப்படை முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. அதற்கு முன்பே, 1973-ல், ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் மரபணுவை வெட்டி ஒட்டும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்த நிறுவனங்களுக்கு அனுமதி தரும் உரிமப் பிரிவைத் தொடங்கிய நீல்ஸ் ரீமர்ஸ் அதைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டு கோஹனைத் தேடிப் போனார். 1974 நவம்பரில், அந்த ஓராண்டு அவகாசம் முடியச் சில நாட்களே இருக்கும்போது விண்ணப்பம் போயிற்று. அமெரிக்காவுக்கு வெளியே உரிமை அதற்குள் போய்விட்டது. அமெரிக்க உரிமை ஒன்றை மட்டும் வைத்தே, 1997-ல் அது காலாவதியாகும்வரை, 25 கோடி டாலருக்கு மேல் வந்தது. ஒரு செய்தித்தாள் அன்று அவர் கையில் கிடைக்காமல் போயிருந்தால் அதுவும் வந்திருக்காது.

ஆகவே முடிவு வந்த வாரமே உங்கள் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுங்கள். எது புதியது, யார் யார் எதைச் செய்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, இதுவரை யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்து எங்கே எந்தத் தேதியில் பேசப்போகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். அந்தத் தேதியைப் பார்த்துத்தான் அவர்கள் வேகம் கூட்டுவார்கள்.

காப்புரிமை எடுத்தால் கட்டுரை வெளியிட முடியாது என்ற பயம் பரவலாக இருக்கிறது. இன்று விண்ணப்பித்துவிட்டு நாளை கட்டுரையை அனுப்பலாம்.

பல நாடுகளில் முதலில் ஒரு தற்காலிக விண்ணப்பம் போட முடியும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் பி.சி.டி. எனப்படும் பன்னாட்டு விண்ணப்பம். முதல் நாளிலிருந்து சுமார் 30 மாதத்தில் எந்தெந்த நாடுகளில் உரிமை வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும். பெரிய செலவு அங்கேதான் தொடங்குகிறது, ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கட்டணம், தனி வழக்கறிஞர், பல இடங்களில் மொழிபெயர்ப்பு. இந்த 30 மாதத்தை உங்கள் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது முடிவதற்குள், இந்தக் கண்டுபிடிப்புக்கு அவ்வளவு செலவு செய்வது நியாயமா என்று தெரிந்திருக்க வேண்டும். பின்வரும் படிகள் அந்தப் பதிலைத் தேடித்தான் போகின்றன.

ஒரு எச்சரிக்கை: தற்காலிக விண்ணப்பத்தில் எழுதியதற்கு மட்டுமே அந்தத் தேதி செல்லும். கட்டுரைச் சுருக்கத்தை அப்படியே ஒட்டி அனுப்பினால், அதில் இல்லாத மாற்று வடிவங்களுக்கும் அளவுகளுக்கும் பாதுகாப்பு கிடைக்காது.

படி 2: இது உண்மையில் யாருடையது?

"நான் கண்டுபிடித்தேன், அதனால் என்னுடையது" என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் உரிமை பல்கலைக்கழகத்துக்கே போகும். அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் உரிமையைப் பல்கலைக்கழகங்கள் வைத்துக்கொள்ள வழி செய்தது 1980-ல் வந்த பேய்–டோல் சட்டம். ஸ்வீடனில் இன்றும் உரிமை ஆய்வாளருக்கே. ஜெர்மனியிலும் அப்படித்தான் இருந்தது, 2002-ல் மாற்றிவிட்டார்கள்.

அதற்கு மேல் நீங்கள் போட்ட கையெழுத்துகள் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் வேலை செய்த ஒரு ஆய்வாளர், கண்டுபிடிப்பு உரிமையை மாற்றித் தர "ஒப்புக்கொள்கிறேன்" என்று பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு ஒரு நுட்பம் கற்றுக்கொள்ள வெளி நிறுவனம் ஒன்றுக்குப் போனபோது, "இதன்மூலம் மாற்றித் தருகிறேன்" என்ற படிவத்தில் கையெழுத்திட்டார். முதலாவது வாக்குறுதி, இரண்டாவது உரிமை மாற்றம். அந்த நிறுவனத்தின் உரிமை பின்னர் ரோஷ் என்ற மருந்து நிறுவனத்திடம் போனது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று 2011-ல் ஸ்டான்ஃபோர்டு தோற்றது. பார்வையாளராகப் போன இடத்தில் நீட்டப்பட்ட ஒரு தாள்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஆகவே ஒரு முழு நாள் ஒதுக்கிப் பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள். வேலை ஒப்பந்தம், மானிய நிபந்தனைகள், தொழில் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த திட்டங்கள், வேறு லேபிலிருந்து வாங்கிய செல் அல்லது பொருளோடு வந்த ஒப்பந்தம். மென்பொருள் என்றால், நீங்கள் எடுத்தாண்ட திறந்த மூல நிரல்களின் உரிம விதிகள். இயந்திரக் கற்றல் என்றால், பயிற்சிக்கு எடுத்த தரவு "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று தரப்பட்டதா என்பது. இந்தக் கடைசி விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பயிற்சி பெற்ற மாதிரி (மாடல்) நன்றாக வேலை செய்கிறது, ஆனால் விற்க அனுமதி இல்லை; தரவை முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கிறது.

கட்டுரையின் ஆசிரியர்களும் காப்புரிமையின் கண்டுபிடிப்பாளர்களும் ஒரே பட்டியல் அல்ல. துறைத்தலைவர் என்ற மரியாதைக்குப் பெயர் சேர்ப்பதும், வழியைக் கண்டுபிடித்த மாணவர் பெயரை விடுவதும் இங்கே செல்லாது. தவறான பட்டியல் அந்தக் காப்புரிமையையே செல்லாததாக்கக் கூடும். சங்கடமான பேச்சுதான். அதை இப்போதே பேசிவிடுங்கள்.

படி 3: இன்னொருவர் கையில் வேலை செய்கிறதா?

2012-ல் ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய ஆய்வாளர் ஒருவரும் சக ஆய்வாளரும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். புற்றுநோய் ஆராய்ச்சியில் திருப்புமுனை எனக் கருதப்பட்ட 53 கட்டுரைகளை அந்த நிறுவனத்தில் மறுபடி செய்து பார்த்ததில், 6-ஐ மட்டுமே உறுதிப்படுத்த முடிந்தது. அதற்காக மற்ற 47 கட்டுரைகளை எழுதியவர்களும் பொய் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. ஒரு லேபின் எலி, ஒரு லேபின் வேதிப்பொருள், ஒருவர் கை என்று முடிவு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். முதலீட்டாளர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் இது தெரியும். உங்கள் கட்டுரை எவ்வளவு பெரிய இதழில் வந்திருந்தாலும் முதல் கேள்வி "வேறு யாராவது செய்து பார்த்தார்களா?" என்பதாகவே இருக்கும்.

இதற்கு நான் எப்போதும் சொல்வது ஒரே வழி. செய்முறையை முழுக்க எழுதி, லேபுக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். அவர் வந்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் எழுதாமல் விட்ட ஒரு கைப்பக்குவம். அதை எழுதிச் சேர்த்து அடுத்தவரிடம் கொடுங்கள். யாரும் கேள்வி கேட்காமல் முடிக்கும்வரை தொடருங்கள். அப்புறம் வேறு ஊரில் இருக்கும் ஒரு லேபுக்கு அனுப்புங்கள்.

அது முடிந்ததும் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். தூய்மை குறைந்த, மலிவான மூலப்பொருளில் வருகிறதா? வெப்பம் ஏறினால், ஈரம் கூடினால், மூன்று மாதம் அலமாரியில் கிடந்தால்? கட்டுரையில் நீங்கள் காட்டியது மிகச் சிறந்த முடிவு. வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதோ மிக மோசமான முடிவு எவ்வளவு மோசம் என்பது. 100 முறை செய்தால் எத்தனை முறை தவறுகிறது என்ற எண் கையில் இருந்தால், பின்னால் வரும் பாதிப் பேச்சுகள் சுலபமாகும்.

நாசாவில் பிறந்த தொழில்நுட்ப முதிர்ச்சி அளவுகோலில் 1 முதல் 9 வரை நிலைகள் உண்டு. அடிப்படைக் கருத்தை நிரூபிப்பது 3, லேபுக்குள் செய்து காட்டுவது 4, உண்மையான சூழலில் முன்மாதிரி ஓடுவது 7. பல்கலைக்கழக ஆய்வு பெரும்பாலும் 3-லோ 4-லோ நின்றுவிடும், பெரிய நிறுவனங்கள் 6, 7 வந்த பிறகுதான் கை நீட்டும். இடையில் இருக்கும் பள்ளம்தான் உங்கள் ஸ்டார்ட்-அப் கடக்க வேண்டிய தூரம்.

படி 4: இது யாருடைய தொல்லையைத் தீர்க்கிறது?

ஆய்வாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, பழக்கம். "நம்மிடம் இது இருக்கிறது, யாருக்குப் பயன்படும்?" என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். வாங்குபவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவருக்கு இன்று காலை ஒரு தொல்லை, அது தீர வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-ல் ஐ-கார்ப்ஸ் என்ற பயிற்சியைத் தொடங்கியது. அதன் மையத்தில் இருப்பது ஒரு எளிய கட்டளை: சில வாரங்களுக்குள் 100 பேரிடம் போய்ப் பேசுங்கள். விற்கப் போகவேண்டாம், கேட்கப் போங்கள். 100 அதிகமாகத் தோன்றலாம். முதல் பத்துப் பேர் மரியாதைக்காகப் பாராட்டுவார்கள், அடுத்த இருபது பேர் உங்களைக் குழப்புவார்கள். அதற்கப்புறம்தான் ஒரே குறை பல வாயிலிருந்து திரும்பத் திரும்ப வருவது காதில் விழும்.

கேட்கும் விதம் முக்கியம். தண்ணீரில் கலந்த ஒரு நச்சுப்பொருளைப் பத்தே நிமிடத்தில் அளக்கும் சென்சார் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொழிற்சாலை மேலாளரிடம், "முடிவு பத்து நிமிடத்தில் வந்தால் உங்களுக்கு உதவுமா?" என்று கேட்டால், "ரொம்ப நல்லா இருக்கும் சார்" என்பார். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் சென்சாரைப் பற்றி வாயே திறக்காமல் கேட்டுப் பாருங்கள்.

"போன தடவை அளவு தப்பினப்போ என்ன செஞ்சீங்க?"

"மாதிரி எடுத்து வெளியே சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வர ரெண்டு நாள் ஆச்சு."

"அந்த ரெண்டு நாள் எப்படிச் சமாளிச்சீங்க?"

"அதுக்குன்னு ஒரு தொட்டி காலியா வெச்சிருக்கோம், அதுல திருப்பிவிட்டோம். அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. எங்க ரோதனையே வேற சார். இப்ப இருக்கற சென்சார்ல வாரத்துக்கு ஒரு தடவை அழுக்குப் படிஞ்சு நின்னுடுது. கழுவறதுக்குன்னே ஒரு ஆள்."

நான் கற்பனையாக எழுதிய உரையாடல்தான். ஆனால் இந்த வடிவத்தில் ஒரு திருப்பம் பல குழுக்களுக்கு நேர்கிறது. நீங்கள் பெருமைப்பட்ட வேகத்தை அவர் கண்டுகொள்ளவில்லை. உங்கள் கட்டுரையின் இணைப்புப் பக்கத்தில் ஒரு வரியாகக் கிடந்த, அழுக்கு ஒட்டாத மேற்பூச்சுதான் அவருக்கு வேண்டும். அப்படியென்றால் உங்கள் பொருள் அந்த மேற்பூச்சு. இதை ஏற்றுக்கொள்ள மனம் வலிக்கும். ஐந்து வருடம் வேகத்துக்காக உழைத்திருப்பீர்கள். ஆனாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எதிர்காலத்தைப் பற்றிக் கேட்காமல் நடந்ததைப் பற்றிக் கேளுங்கள். கடைசியாக எப்போது நடந்தது, அப்போது என்ன செய்தார், அதற்கு எவ்வளவு செலவானது, வேறு என்னென்ன முயன்று பார்த்தார். ஒரு தொல்லையைத் தீர்க்க இதுவரை எதையுமே முயலாதவர், நீங்கள் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

பயன்படுத்துபவர், முடிவெடுப்பவர், பணம் கொடுப்பவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள்: கருவியைக் கையாள்பவர் செவிலியர், கேட்பவர் மருத்துவர், வாங்குவது கொள்முதல் பிரிவு, கடைசியில் பணம் தருவது காப்பீடாக இருக்கலாம். மருத்துவருக்குப் பிடித்த கருவி செவிலியரின் வேலையில் பத்து நிமிடம் கூட்டினால் மூலையில் கிடக்கும். நால்வரிடமும் தனித்தனியாகப் பேசியாக வேண்டும்.

பேச்சு உண்மையா என்று எப்படித் தெரியும்? பாராட்டை எண்ணாதீர்கள். அவர் ஏதாவது விட்டுக்கொடுக்கிறாரா என்று பாருங்கள். தன் இடத்தில் சோதித்துப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குகிறாரா, தன் மேலதிகாரியிடம் அறிமுகப்படுத்துகிறாரா, உண்மையான மாதிரிகளையோ தரவையோ தருகிறாரா, முன்பணம் கட்டுகிறாரா? நேரம், பெயர், பணம் இந்த மூன்றில் ஒன்றாவது அவர் பக்கத்திலிருந்து வரவேண்டும்.

படி 5: நிறுவனம்தான் வேண்டுமா?

எல்லா நல்ல ஆய்வும் ஸ்டார்ட்-அப் ஆக வேண்டியதில்லை. ஏற்கெனவே பெரிய அளவில் ஓடும் ஒரு உற்பத்தியில் ஒரு சிறு படியை மேம்படுத்துவது உங்கள் கண்டுபிடிப்பு என்றால், அதைச் செய்யும் நிறுவனங்களுக்கே உரிமம் கொடுத்துவிடுவது பெரும்பாலும் நல்லது. கோஹன்–பாயர் உரிமை அப்படித்தான் போனது. யாருக்கும் தனியுரிமம் தராமல், முன்பணம் 10,000 டாலர், ஆண்டுக்கு 10,000 டாலர் என்று எளிமையாகத் தொடங்கி நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். அதே பாயர் 1976-ல் ராபர்ட் ஸ்வான்சனோடு சேர்ந்து ஜெனன்டெக்கைத் தொடங்கினார். அவர்கள் உருவாக்கிய மனித இன்சுலின் 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரே அறிவியல் இரண்டு வழியிலும் போயிருக்கிறது.

யாரும் உரிமம் வாங்க முன்வராதபோது, இன்னும் பல ஆண்டு உழைத்தால்தான் பொருளாகும் என்றால், அந்த ஒரு நுட்பத்திலிருந்து பல பொருள்கள் வரக்கூடும் என்றால் நிறுவனம் தேவைப்படுகிறது. கூகுளைத் தொடங்கியவர்கள் முதலில் தங்கள் தேடல் நுட்பத்துக்கு உரிமம் விற்கத்தான் முயன்றார்கள். யாரும் வாங்காததால் 1998-ல் நிறுவனமாகப் பதிவு செய்தார்கள். பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் அந்தக் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டின் பெயரில் இருந்தது. உரிமத்துக்கு ஈடாகக் கிடைத்த பங்குகளை விற்றதில் பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 33.6 கோடி டாலர் வந்தது.

மென்பொருளுக்கு மூன்றாவது வழியும் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பார்க் என்ற தரவுக் கருவியை உருவாக்கியவர்கள் அதைத் திறந்த மூலமாகவே விட்டார்கள். அது பரவிய பிறகு, 2013-ல் அதைச் சுற்றி டேட்டாபிரிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நிரலைப் பூட்டி வைப்பதைவிட எல்லோரையும் அதைப் பயன்படுத்த வைப்பது சில துறைகளில் வலுவான காப்பு.

படி 6: பல்கலைக்கழகத்தோடு உரிம ஒப்பந்தம்

நேரடியாக முழு ஒப்பந்தத்துக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு விருப்புரிமை ஒப்பந்தம் கேளுங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களுக்காக வைத்திருப்பார்கள், கட்டணம் சிறியது. வாடிக்கையாளர்களிடம் பேசவும் முதல் பணத்தைத் திரட்டவும் அந்தக் காலம் உதவும்.

முழு ஒப்பந்தம் வரும்போது நிறையப் பேர் ராயல்டி (விற்பனையில் உரிமையாளருக்குத் தரும் பங்கு) சதவீதத்தில் மட்டும் கண்ணாக இருக்கிறார்கள். அதைவிடப் பின்னாளில் உறுத்துபவை வேறு. தனியுரிமம் எல்லாத் துறைகளுக்குமா, ஒரு துறைக்கு மட்டுமா? வேறு நிறுவனங்களின் காப்புரிமைகளுக்கும் ராயல்டி கட்ட நேர்ந்தால் மொத்தச் சுமைக்கு உச்சவரம்பு உண்டா? எந்தத் தேதிக்குள் எந்த முன்னேற்றம் காட்டாவிட்டால் உரிமம் திரும்பப் போகும்? இந்தத் தேதிகளை ஆர்வத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள், நீங்கள் நினைக்கும் காலத்தை இரண்டால் பெருக்கிக்கொண்டு பேசுங்கள். இதுவரை ஆன காப்புரிமைச் செலவை எப்போது திருப்பித் தர வேண்டும்? பேராசிரியரின் லேபில் அடுத்த வருடம் வரப்போகும் மேம்பாடுகள் இதில் சேருமா? பொதுவாகத் தானாகச் சேராது. குறைந்தபட்சம் முதலில் கேட்டுப் பெறும் உரிமையையாவது எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று: காப்புரிமை என்பது மற்றவர்களைத் தடுக்கும் உரிமை, நீங்கள் செய்வதற்கான அனுமதி அல்ல. உங்கள் பேட்டரி மின்முனை உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட மின்பகுபொருளோடு மட்டும்தான் வேலை செய்கிறது, அந்தப் பொருள் வேறொருவரின் காப்புரிமைக்குள் இருக்கிறது என்றால், அவர் தலையசைக்காமல் நீங்கள் விற்க முடியாது. பணம் திரட்டுவதற்கு முன் இதைத் தேடிப் பார்க்கத் தேர்ந்த வழக்கறிஞர் ஒருவருக்குச் செலவு செய்யுங்கள்.

உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் வேண்டும். பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் பல்கலைக்கழகத்துக்காகப் பேசுபவர்.

படி 7: யார் லேபை விட்டு வருவது?

முழுநேரமாக ஒருவராவது வெளியே வரவேண்டும். அது பெரும்பாலும் பேராசிரியராக இருக்காது. ஆய்வை முடித்த மாணவரோ முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளரோ வருவார், ஏனென்றால் கைப்பக்குவம் இருப்பது அவரிடம். பேராசிரியர் ஆலோசகராக இருப்பார். கேம்பிரிட்ஜில் சங்கர் பாலசுப்ரமணியனும் டேவிட் க்ளெனர்மனும் 1998-ல் மரபணு வரிசையைப் படிக்கும் கருவிக்காக சோலெக்சா நிறுவனத்தை உருவாக்கினார்கள், பேராசிரியர்களாகவே தொடர்ந்தார்கள். அந்த நிறுவனத்தின் முதல் கருவி 2006-ல் வந்தது, 2007-ல் இல்லுமினா என்ற பெரிய நிறுவனம் அதைச் சுமார் 60 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்கியது.

பங்குகளைப் பிரிக்கும்போது கடந்த காலத்துக்கு அதிகம் கொடுத்துவிடுகிறார்கள். பேராசிரியருக்குப் பாதி, இரவுபகலாக உழைக்கப் போகிறவருக்குச் சிறு பங்கு என்று தொடங்கிய நிறுவனத்தில் முதலீடு செய்ய முதலீட்டாளர்கள் தயங்குவார்கள். கண்டுபிடிப்புக்கான பங்கு உரிமத்தின் வழியாக ஏற்கெனவே வந்து சேர்கிறது. நிறுவனப் பங்கு இனிமேல் செய்யப்போகும் வேலைக்கானது. பேராசிரியருக்கும் சரி, மாணவருக்கும் சரி, எல்லோருடைய பங்கும் நான்கு ஆண்டில் படிப்படியாகச் சொந்தமாவதாகவும், முதல் ஓராண்டு முடியும் முன் விலகினால் எதுவும் இல்லை என்பதாகவும் எழுதிக்கொள்வது பரவலான வழக்கம். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

விற்கத் தெரிந்த ஒருவரை விரைவில் சேருங்கள்.

படி 8: எந்தப் பணம், எப்போது?

முதலில் மானியம். பங்கு கேட்காத பணம் அது. அமெரிக்காவில் சிறு நிறுவன ஆய்வுகளுக்காக 1982-ல் எஸ்.பி.ஐ.ஆர். திட்டம் தொடங்கியது, அதே நோக்கத்தில் பல நாடுகளிலும் திட்டங்கள் வந்துள்ளன. லேபுக்கும் சந்தைக்கும் இடையிலான பள்ளத்தில் முதல் பாதியைக் கடக்க அவை போதும். ஆனால் மானியம் எழுதியே பிழைக்கும் நிறுவனமாகிவிடக்கூடாது. வாடிக்கையாளர் கேட்காத ஒன்றைச் செய்ய மானியம் கிடைத்தால், வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்.

அடுத்தது, புது நிறுவனங்களில் பங்கு வாங்கிப் பணம் போடும் துணிகர முதலீட்டு நிதிகள். அவற்றின் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு. அதற்குள் போட்ட பணம் பெருகித் திரும்ப வேண்டும். 2008-ல் தொடங்கிய பயோன்டெக் என்ற மருந்து நிறுவனத்தின் முதல் பொருள் அனுமதி பெற்றது 2020-ல். உங்கள் துறை எவ்வளவு காலம் கேட்கும் என்று நேர்மையாகக் கணக்கிட்டு, அந்தக் காலத்துக்குப் பொறுத்திருக்கும் முதலீட்டாளரைத் தேடுங்கள்.

எவ்வளவு திரட்டுவது? உங்கள் திட்டத்தில் மிகப் பெரிய சந்தேகம் எது என்று எழுதுங்கள். "விலங்கில் வேலை செய்தது, மனிதரில் செய்யுமா?", "ஒரு கிராம் செய்தோம், நூறு கிலோ வருமா?" என்று ஏதாவது இருக்கும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனைக்கு ஆகும் செலவும், அதற்கு மேல் ஆறு மாதச் செலவும் சேர்ந்தால் அதுதான் தொகை. சந்தேகம் தீர்ந்தால் நிறுவனத்தின் மதிப்பு உயரும், அடுத்த முதலீட்டுச் சுற்றில் குறைந்த பங்கைக் கொடுத்தால் போதும். சுலபமான வேலைகளை முதலில் முடித்து முன்னேற்றம் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். கடினமானதை முதலில் செய்யுங்கள். அது தோற்றால், மிச்சப் பணமும் மிச்ச வயதும் உங்களிடமே இருக்கும்.

படி 9: பெரிதாக்கும்போது இயற்பியல் மாறுகிறது

கலனின் நீள அகல உயரத்தைப் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு ஆயிரம் மடங்காகும், பரப்பளவோ நூறு மடங்குதான். வினையில் பிறக்கும் வெப்பம் கொள்ளளவைப் பொறுத்தது, அது வெளியேறுவது பரப்பின் வழியாக. குடுவையில் சமர்த்தாக நடந்த வினை பெரிய உலையில் கொதித்துப் பொங்குவதற்கு இதுவே காரணம். கலக்குவது, உலர்த்துவது, வடிகட்டுவது எல்லாவற்றிலும் இப்படி ஒன்று ஒளிந்திருக்கும். ஆகவே உற்பத்திப் பொறியாளர் ஒருவரை முன்மாதிரி முடிந்த பிறகு அழைக்காதீர்கள், முன்மாதிரியை வரையும்போதே பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மருந்து, மருத்துவக் கருவி, உணவு போன்ற துறைகளில் ஒழுங்குமுறை அமைப்போடு ஆரம்பத்திலேயே பேசுங்கள். மருத்துவக் கருவிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 13485 தரமுறைப்படி வடிவமைப்பின் ஒவ்வொரு முடிவும் பதிவாகியிருக்க வேண்டும். பின்னால் போய் நினைவிலிருந்து எழுதலாம் என்று நினைத்தால், சோதனைகளையே திரும்பச் செய்ய நேரும்.

படி 10: லேபையும் நிறுவனத்தையும் பிரித்து வையுங்கள்

ஒரே பேராசிரியர் காலையில் ஆய்வு வழிகாட்டி, மாலையில் நிறுவனப் பங்குதாரர் என்றால், இடையில் நிற்பவர் மாணவர். இந்தப் படியைப் பற்றி எனக்கு மற்றவற்றைவிட அதிகக் கவலை உண்டு. மாணவர் செய்யும் சோதனை ஆய்வேட்டுக்கா, நிறுவனத்தின் அடுத்த முதலீட்டுச் சுற்றுக்கா? முடிவு நிறுவனத்துக்குப் பாதகமாக இருந்தால் அவர் அதை வெளியிட முடியுமா? அவரால் வாய் திறந்து கேட்க முடியாது, பட்டம் இவர் கையில்.

ஆகவே நிறுவனம் பதிவாகும் நாளிலேயே பங்கு, பதவி, வருமானம் எல்லாவற்றையும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். நிறுவன வேலைக்கு லேபின் கருவிகளைப் பயன்படுத்தினால் மணிக்கணக்கு வைத்துக் கட்டணம் கட்டுங்கள். நிறுவனம் லேபுக்குப் பணம் தந்து ஆய்வு செய்யச் சொன்னால், வெளியிடும் உரிமை லேபிடமே இருக்கட்டும். காப்புரிமைக்காகச் சில வாரம் தாமதிக்கக் கேட்கலாம், தடுக்கக்கூடாது. நிறுவனத்தோடு தொடர்புள்ள ஆய்வில் இருக்கும் ஒவ்வொரு மாணவருக்கும், அந்த நிறுவனத்தில் எந்தப் பங்கும் இல்லாத இன்னொரு பேராசிரியரை இணை வழிகாட்டியாக வையுங்கள். அவரிடம் மாணவர் நேரில் போய்ப் பேச முடிய வேண்டும். அந்தப் பெயரும் அறை எண்ணும் அவர் சேரும் முதல் நாளே அவர் கையில் இருக்கட்டும்.